நெஞ்சு படபடப்பா? கருவிக்குப் பணம் கட்டுமுன் ஒரு கணக்கு



நமது சங்க உறுப்பினர் ஒருவர், முப்பது ஆண்டுகளாகக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம் செய்பவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், நாம் எல்லோரும் கூப்பிடுகிறபடி 'அண்ணாச்சி' என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாள் காலை விருதுநகரிலிருந்து வந்த துவரம்பருப்பு லாரியில் மூட்டைகளை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தபோது அவருக்குத் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சுமை தூக்கிய களைப்பில் அடிப்பது போல அல்ல. யாரோ சுவிட்சைப் போட்டது போல ஆரம்பித்து, கழுத்து வரை துடித்து, கால் மணி நேரம் கழித்து சுவிட்சை அணைத்தது போல நின்றுவிட்டது. "என்ன அண்ணாச்சி, முகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்று கணக்கப்பிள்ளை கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடே, வெயிலு" என்று சொல்லிவிட்டுச் சிட்டையைப் புரட்டினார்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தது. தீபாவளிக் கூட்டத்தில் இன்னொரு தரம். அப்போது மருத்துவமனைக்கு ஓடினார். போய்ச் சேருவதற்குள் நின்றுவிட்டது. இ.சி.ஜி. எடுத்தார்கள், சரியாக இருந்தது. 24 மணி நேரம் உடம்பில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அதிலும் கோளாறு இல்லை. "மனசுதான் காரணம், ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பணம் கட்டி வாங்கிய ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்ததால் அண்ணாச்சியும் ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டார். அந்த ஆறு மாதம்தான் இக்கட்டுரையை எழுதும்படி நம்மைத் தூண்டியது.

ரிப்போர்ட்டில் பொய் இல்லை. கருவியும் பழுதில்லை. இருபது நாளைக்கு ஒரு தரம் வருகிற திருடனைப் பிடிக்க ஒரே ஒரு நாள் காவல் போட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் ஓர் எச்சரிக்கை

கருவிகளைப் பற்றிப் பேசுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். படபடப்போடு மயக்கம் வந்து விழுந்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தாலோ, கருவி தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெருங்கிய சொந்தத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, ஏற்கெனவே இருதய நோய் இருந்தாலோ, "அடுத்த தரம் வரட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதும் தவறு. கல்லாவில் ஆள் இல்லை என்பதெல்லாம் அந்த நேரத்தில் பேச்சே அல்ல.

மற்றவர்களுக்கும் முதல் படி டாக்டர்தான். சாதாரண இ.சி.ஜி., ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, உப்புச் சத்துக்கள், தேவைப்பட்டால் எக்கோ. ரத்தசோகையும் தைராய்டும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். சளிக்கு நாமே வாங்கிப் போடும் சில மாத்திரைகளும், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தும் அப்படியே. கடையில் உட்கார்ந்தபடி ஒரு நாளைக்கு எட்டு டீ, இடையில் சிகரெட், இரவு கணக்கு முடித்துப் படுக்கப் பன்னிரண்டு மணி என்று இருப்பவர்கள் இந்த விபரத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். செலவில்லாத பரிசோதனை அதுதான்.

பத்து விநாடிக் கணக்கும் ஒரு லட்சம் துடிப்பும்

நமது இருதயம் நிமிஷத்துக்கு எழுபது என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தரம் துடிக்கிறது. மருத்துவமனையில் படுக்க வைத்து எடுக்கும் இ.சி.ஜி. தாளில் பதிவாவது சுமார் பத்து விநாடி. அதாவது பன்னிரண்டு துடிப்பு. மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு கைப்பிடி அரிசி எடுத்துப் பார்ப்பது போன்றது இது. சரக்கு முழுவதும் ஒரே தரமாக இருந்தால் அது போதும். எப்போதோ ஒரு தரம் தலைகாட்டும் கோளாறுக்குப் போதாது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மோன்டானா மாநிலத்து ஹெலினா நகரில், நடமாடும் மனிதனின் இருதயத் துடிப்பைப் பதிவு செய்ய முனைந்தார். 1940களின் கடைசியில் அவர் முதுகில் கட்டிப் பார்த்த கருவியின் எடை சுமார் 38 கிலோ. நம் கணக்கில் ஒன்றரை சிப்பம் அரிசி! 1961இல் அவர் இதைப் பற்றி 'சயின்ஸ்' இதழில் எழுதினார். இன்று அவர் பெயரிலேயே 'ஹோல்டர்' என்று வழங்கும் அந்தக் கருவி உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது.

தினமும் வந்தால் ஹோல்டர்

நெஞ்சில் சில ஸ்டிக்கர்களை ஒட்டி, ஒயர் இணைத்து, இடுப்பில் மாட்டிவிடுவார்கள். 24 மணி நேரமோ 48 மணி நேரமோ ஒரு துடிப்பு விடாமல் பதிவாகும். தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் படபடப்பு வருகிறவர்களுக்கு இதுவே ஏற்றது, வாடகையும் கட்டுப்படியாகும்.

நம்மவர்கள் இதில் செய்யும் தவறு ஒன்று உண்டு. கருவியை மாட்டிய அன்று கடைக்கு லீவு விட்டு வீட்டில் படுத்துவிடுகிறார்கள். படுத்திருக்கும் மனிதனின் துடிப்பைப் பார்க்கவா பணம் கட்டினோம்? டாக்டர் தடை சொல்லாதவரை அன்றும் வழக்கம்போல் கடைக்குப் போக வேண்டும், தராசில் நிற்க வேண்டும், மாடிக் குடோனுக்கு ஏற வேண்டும். குளிப்பதை மட்டும் அன்றைக்குத் தள்ளிவைக்கலாம். நெஞ்சில் எண்ணெயும் பவுடரும் பூசினால் ஸ்டிக்கர் கழன்றுவிடும். கையில் ஒரு சீட்டு வைத்துக்கொண்டு, '11.20 - படபடப்பு - மூட்டை தூக்கியபோது' என்று குறித்துவர வேண்டும். அந்தச் சீட்டு இல்லாத ரிப்போர்ட், சிட்டை இல்லாத பேரேடு மாதிரி. கருவி காட்டும் கோடும் நமக்கு ஏற்பட்ட தொல்லையும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தனவா என்று டாக்டர் ஒத்துப்பார்ப்பது அதை வைத்துத்தான்.

வாரம் ஒன்று, மாதம் ஒன்று என்றால்

அண்ணாச்சியைப் போல இருபது நாளைக்கு ஒரு தரம் வருகிறவருக்கு 24 மணி நேரக் கருவியில் அது சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருபதில் ஒன்று. இந்தக் கணக்குப் போட டாக்டர் பட்டம் தேவையில்லை. நாம் தினமும் கடையில் போடும் கணக்குதான். இப்படிப்பட்டவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பட்டை. ஒயர் கிடையாது, சட்டைக்குள் தெரியாது; சில வகைகளை 14 நாள் வரை கழற்றாமல் வைத்திருக்கலாம். வியர்வை அதிகம் உள்ளவர்களுக்குத் தோல் அரிக்கும். நம் ஊர் வெயிலில், ஏசி இல்லாத கடையில், இதை யோசித்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இரண்டு முதல் நான்கு வாரம் வரை உடம்போடு வைத்துக்கொள்ளும் நிகழ்வுப் பதிவுக் கருவி. நம் கடைகளில் மாட்டியிருக்கும் கேமராவை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவை அழித்துக்கொண்டே புதியதை எழுதுகிறது அல்லவா? இதில் 'லூப்' என்ற வகையும் அப்படித்தான். படபடப்பு வந்தவுடன் பொத்தானை அழுத்தினால், அழுத்துவதற்குச் சற்று முன்பு நடந்ததையும் சேர்த்துப் பத்திரப்படுத்திவிடும். தொல்லை சில விநாடியில் நின்றுவிடுகிறவர்களுக்கு இந்த வகையே தேவை.

மூன்றாவது, விரல் வைக்கும் சின்னக் கருவி. இரண்டு உலோகத் தகடு. இரு கை விரல்களையும் வைத்து 30 விநாடி இருந்தால் செல்போனில் இ.சி.ஜி. கோடு வந்துவிடும். அலைவ்கோர் என்ற நிறுவனத்தின் இத்தகைய கருவிக்கு அமெரிக்க அரசு 2012இல் அனுமதி கொடுத்தது. 2019இல், காலிலும் தொட்டு ஆறு கோணத்தில் பார்க்கும் வகை வந்தது. சில நிமிஷமாவது நீடிக்கும் படபடப்புக்கு இது கைகண்ட சாதனம். ஆனால் அரை நிமிஷத்தில் ஓடிப்போகும் துடிப்பை, மேசை அறையிலிருந்து கருவியை எடுப்பதற்குள் கோட்டை விட்டுவிடுவோம். மயங்கி விழுகிறவர்களுக்கும் இது ஆகாது. விழுந்தவர் எப்படி விரலை வைப்பார்?

பிரிட்டனில் 10 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் ஓர் ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டார்கள். படபடப்பு என்று வந்து காரணம் தெரியாமல் வீடு திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மற்றவர்களுக்கு அத்தோடு விரல் கருவியும் கொடுத்தார்கள். 90 நாளில், கருவி வாங்கிய 124 பேரில் 69 பேருக்குத் தொல்லை நேரத்துத் துடிப்பு பதிவாகிவிட்டது. வாங்காத 116 பேரில் 11 பேருக்குத்தான் பதிவானது. இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: அந்த 69 பேரில் தாளக் கோளாறு என்று சொல்லத்தக்கது இருந்தது 11 பேருக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு நெஞ்சு படபடத்த அதே நேரத்தில் பெரிய கோளாறு எதுவும் இல்லை என்பது தெரிந்தது. அதுவும் லாபக் கணக்கில்தான் சேரும். தொல்லை இல்லாத நாளில் எடுத்த 'நார்மல்' வேறு, தொல்லையின் நடுவில் எடுத்த 'நார்மல்' வேறு. இரண்டாவதை நம்பித் தூங்கலாம்.

கைக்கடிகாரம் போதுமா?

பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தைக் காட்டி, "இதிலேயே எல்லாம் தெரியுதே" என்பவர்கள் நம்மில் பலர். கடிகாரத்தில் இரண்டு ஜாதி உண்டு. பெரும்பாலானவை பச்சை விளக்கைத் தோலில் அடித்து, ரத்த ஓட்டத்தைப் பார்த்து எண்ணிக்கை மட்டும் சொல்பவை. 140 என்று காட்டும். அது மாடி ஏறியதால் வந்த 140ஆ, கோளாறால் வந்த 140ஆ என்று சொல்லாது. கை ஆடினால் எண்ணிக்கையே தப்பும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் இந்த வகையே. மற்ற ஜாதி, விரலால் தொட்டால் நிஜமான இ.சி.ஜி. கோடு எடுப்பவை; ஆப்பிள் நிறுவனம் 2018இல் இத்தகைய கடிகாரத்தை வெளியிட்டது. டாக்டருக்கு வேண்டியது அந்தக் கோடு. வாங்குமுன் கடைக்காரரிடம் "இதில் இ.சி.ஜி. கோடு எடுத்து அனுப்ப முடியுமா?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். மழுப்பினால் அது எண்ணிக்கைக் கடிகாரம்.

எந்தக் கடிகாரமானாலும் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலியோடு கடிகாரத்தைப் பார்த்து "சரியாகத்தான் காட்டுது" என்று உட்கார்ந்திருப்பது ஆபத்து. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் விரல் கருவியானாலும் கடிகாரமானாலும் டாக்டரைக் கேட்டே வாங்க வேண்டும்.

வருஷத்தில் இரண்டு மூன்று தரம் மட்டுமே வந்து, வந்தால் ஆளைச் சாய்த்துவிடுகிறது என்பவர்களுக்கு, தோலுக்கு அடியில் வைக்கும் பதிவுக் கருவி இருக்கிறது. ஏறக்குறைய ஒரு தீக்குச்சி நீளம். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து சில நிமிஷத்தில் வைத்துவிடுவார்கள். மூன்று வருஷமோ அதற்கு மேலோ வேலை செய்யும். செலவு அதிகம். சாதாரணப் படபடப்புக்கு இதைத் தொடக்கத்திலேயே யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு, பக்கவாதம் வரும் வாய்ப்பைச் சுமார் ஐந்து மடங்கு ஆக்குகிறது. வயது, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். பதிவில் சிக்கினால், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தரலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். சிக்காவிட்டால் அந்த முடிவுக்கே இடமில்லை.

அண்ணாச்சி பிடித்த கோடு

ஆறு மாதம் கழித்து அண்ணாச்சி வேறொரு டாக்டரிடம் போனார். அவர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டுமுன், "எத்தனை நாளைக்கு ஒரு தரம் வருது அண்ணாச்சி? வந்தா எவ்வளவு நேரம் நிக்குது?" என்று கேட்டார். இருபது நாள், கால் மணி நேரம் என்றவுடன் விரல் கருவியே போதும் என்றார். கல்லா மேசையில் சில்லறைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. பதினெட்டாம் நாள் மாலை, ஒரு கல்யாண வீட்டு மளிகைப் பட்டியலுக்குச் சரக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. முதல் பதிவு கெட்டுப்போயிற்று. கையெல்லாம் மிளகாய்த்தூளும் எண்ணெயும். கையைத் துடைத்துவிட்டு, உட்கார்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி, பேசாமல் அரை நிமிஷம் இருந்தார். கோடு வந்தது. நிமிஷத்துக்கு 180. எஸ்.வி.டி. என்று டாக்டர் சொன்னார். இருதயத்தில் மின்சாரம் குறுக்கு வழியில் சுற்றிச் சுற்றி ஓடும் கோளாறு. தொடை ரத்தநாளம் வழியாகக் குழாய் செலுத்தி அந்தக் குறுக்கு வழியைச் சுட்டுவிடும் சிகிச்சைக்கு, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பலன் உண்டு. செய்துகொண்டார். மூன்றாம் வாரம் கடைக்கு வந்துவிட்டார்.

கருவியை வாடகைக்கு எடுக்கிறவர்கள் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை இன்னும் சில. வாடகையில் ரிப்போர்ட்டும் டாக்டர் பார்த்துச் சொல்லும் கட்டணமும் அடக்கமா? கூடுதல் நாளுக்கு என்ன? ஸ்டிக்கர் கழன்று பதிவு கெட்டால் மறுபடி கட்ட வேண்டுமா? முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ரிப்போர்ட்டில் சுருக்கம் மட்டும் தராமல், படபடப்பு வந்த நேரத்துக் கோட்டின் பிரதியும் தரச் சொல்லுங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.