முகத்தில் ஊசி: மறுமுறை எப்பொழுது?

டாலிகஞ்ச் படக்கூடங்களால் பெயர் பெற்றது. 1931-இல் தொடங்கிய நியூ தியேட்டர்ஸின் கூடம் அங்கேதான் இருந்தது. 1930-களில் தமிழ்ப் படங்கள் பலவும் கல்கத்தாவில் எடுக்கப்பட்டன. நடிகரின் அரிதாரம் இரவில் கழுவினால் போய்விடும். இன்று முகத்தில் ஏற்றும் ஊசியோ மாதக்கணக்கில் தங்குவது. திரைக்குத் தொடர்பில்லாத நம்மவரும், கலியாணத்திற்கு ஊர் செல்லுமுன் அதை நாடுகின்றனர்.

போடாக்ஸ் என்பது போட்டுலினம் என்னும் நச்சுப்பொருளின் மிகச் சிறிய அளவு. நரம்பு தசைக்கு இடும் ஏவலை அது தடுக்கிறது. தசை தளர, சுருக்கமும் தணிகிறது. முழுப் பயன் இரு வாரங்களில் தெரியும். மூன்று நான்கு மாதங்களில் நரம்பு மீண்டும் தொழிற்படும். ஆதலின் மூன்று மாதத்திற்குள் மறுமுறை போடலாகாது. அடிக்கடி போட்டால் உடலில் எதிர்ப்பொருள் தோன்றி, மருந்து பலிக்காமற் போதலும் உண்டு.

நிரப்பூசியின் கணக்கு வேறு. ஹையலூரானிக் அமிலக் கூழ் இடத்தையும் வகையையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். குறைந்தது கண்டபின் நிரப்பினால் போதும். 'ஆண்டுக்கு இத்தனை ஊசி' என்று முன்பணம் கட்டுவது நமக்கு உடன்பாடன்று. கூழ் இரத்தக் குழாயில் புகுந்தால் தோல் அழுகலாம், பார்வையும் போகலாம். அதைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் மருந்தைக் கைவசம் வைத்திருக்கும் மருத்துவரையே நாடுக.

கல்கத்தாவில் ஒன்றும், விடுமுறையில் சென்னையில் மற்றொன்றும் போட்டுக்கொள்வோர், மருந்தின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றை எழுதி வாங்கி உடன் கொண்டு செல்லுதல் வேண்டும்.