என்ன பாஸ், ஒரு போட்டோ எடுக்கலாமா?

ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'பாஸ்'னு சொல்றீங்கனு எண்ணிப் பார்த்திருக்கீங்களா? 'பாஸ், ரெண்டு டீ!', 'பாஸ், கொஞ்சம் தள்ளி உட்காருங்க', 'பாஸ், சில்லறை இருக்கா?'... பேர் தெரியாத யாரையும் கூப்பிட நம்மகிட்ட இருக்குற ஒரே பாஸ்வேர்டு இந்த 'பாஸ்'தான்!

கோயம்புத்தூர்ல எங்க காலேஜ் கேமரா பைத்தியங்கள் ஏழு பேர் இந்த ஒரு வார்த்தையைக் கையில் எடுத்தோம். ரூல் சிம்பிள். ஒரு வாரம் டைம், ஆளுக்கு ஒரே படம், அதில் 'பாஸ்' இருக்கணும். எல்லாரும் சுழல் நாற்காலி, கோட் சூட்னு சுட்டுட்டு வருவாங்கனு நினைச்சா... மக்களே, நடந்ததே வேற!

ரெண்டு எழுத்து மேஜிக்

இங்கிலீஷ்ல முதலாளிக்கு ஒரு ஸ்பெல்லிங், தேர்ச்சிக்கு இன்னொண்ணு. தமிழ்ல ரெண்டுக்கும் அதே ரெண்டு எழுத்துதானே! அந்த சந்துல புகுந்தாங்க ரெண்டு பேர்.

சிவில் தோழி எடுத்துட்டு வந்தது, அவங்க அம்மாவோட பழைய பஸ் பாஸ். லேமினேஷன் உரிஞ்சு, உள்ளே ரெட்டை ஜடையோட முறைக்கிறாங்க அம்மா. 2021-ல சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்குக் காசே வேண்டாம்னு ஆன பிறகும், அது பர்ஸை விட்டுப் போகலையாம். ஏன்னு கேட்டதுக்கு, ப்ளஸ் டூவோட படிப்பை நிறுத்தின அந்த அம்மா சொன்ன பதில்: "அப்போ நான் படிச்சுட்டு இருந்தேன்ல!"

இன்னொரு படம், மூணாவது அட்டெம்ப்ட்டில் எம்-3 கிளியர் பண்ணின ரூம்மேட்டோட மூக்குக் கண்ணாடி. அதில் ரிசல்ட் ஸ்கிரீன் குட்டியாத் தெரியுது. எழுத்து இடவலம் மாறி இருக்குறதால படிக்க முடியாது. ஆனா, அந்தச் சிரிப்பைப் படிக்கலாம்!

மத்தபடி வார்டன் நாற்காலியில் தூங்கும் ஹாஸ்டல் பூனை, மெஸ் அக்காவின் கரண்டி, டி.வி. ரிமோட்டை இறுக்கிப் பிடிச்ச பாட்டி விரல்கள்னு ஒவ்வொண்ணும் ஒரு ரகம்.

கொஞ்சம் ஹிஸ்டரி ப்ளீஸ்

இந்த வார்த்தையோட பூர்வீகம் டச்சு. 'எஜமான்'னு அர்த்தம். 17-ம் நூற்றாண்டுல இன்றைய நியூயார்க் பக்கம் குடியேறின டச்சுக்காரங்க மூலமா அமெரிக்க இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு. 'மாஸ்டர்'னு கூப்பிட்டா அடிமை வாடை அடிக்குதேனு நினைச்ச கூலித் தொழிலாளர்கள், அதுக்குப் பதிலா இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. நம்ம ஊர்ல 2007-ல 'சிவாஜி'யில் ரஜினி மொட்டை பாஸா கலக்கினார். 2010-ல வேலைவெட்டி இல்லாத ஆர்யாவுக்கே 'பாஸ் என்கிற பாஸ்கரன்'னு பட்டம் கொடுத்தாச்சு!

கரிச் சட்டை பாஸ்

ஏழாவது ஆள் அடியேன்தான். மெஷின் டிராயிங் படிச்ச மெக்கானிக்கல் மக்களுக்கு இன்னொரு 'பாஸ்' தெரியும். வார்ப்புல போல்ட், ஷாஃப்ட் வர்ற துளையைச் சுத்திக் கொஞ்சம் மேடா, தடிமனா விடுவாங்களே... அதுவும் பாஸ்தான். துளைக்கு பலம் கிடைக்கும். முழு முகத்தையும் கடையாம அந்த மேட்டை மட்டும் கடைஞ்சா போதும்.

பம்ப்செட்டுக்குப் பேர்போன கோவையில ஃபவுண்டரிக்கா பஞ்சம்? கணபதியில் ஒரு சின்ன ஃபவுண்டரிக்குப் போனேன். மண் அச்சுக்குள்ள சுமார் 1,400 டிகிரியில் உருகின இரும்பை ஊத்துறாங்க. இருட்டு ஷெட்டில் போன் கேமரா ஆட்டோவில் இருந்தா இரும்பு வெறும் வெள்ளைத் திட்டாத்தான் தெரியும். அந்த வெளிச்சத்து மேலேயே விரலை வெச்சு லாக் பண்ணி, எக்ஸ்போஷரைக் குறைச்சேன். ஊத்திக்கிட்டிருந்த அண்ணன் முகம், வியர்வை, தெறிக்கிற பொறி... க்ளிக்! செம படம்.

அவர் பார்த்துட்டார். "ஏனுங்க தம்பி, உருப்படியத்தான எடுக்கறேன்னீங்க? என்னைய எதுக்குங்க எடுத்தீங்க?"

"சும்மா பாஸ்..."னு இளிச்சேன்.

"எங்க பாப்பா காலேஜ் போகுதுங்க. அப்பன் ஃபவுண்டரில வேலைன்னு அதுக்குத் தெரியும். இந்தக் கோலத்துல பார்த்ததில்லீங்க."

அவர் கண் முன்னாடியே டெலீட் பண்ணினேன். வேலை முடிஞ்சதும் கை, கால் கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கிட்டு வந்தார். ஆறிப்போன வார்ப்பு பக்கத்துல விறைப்பா நின்னு, அந்த 'பாஸ்' மேல கையை வெச்சுக்கிட்டு, "இப்ப எடுங்க தம்பி"ன்னார்.

உண்மையைச் சொல்லிடறேன். போட்டோவாப் பார்த்தா அழிச்சதுதான் சூப்பர். இது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மாதிரி இருக்கு. அழிச்ச படம் என் போன்ல இன்னும் 30 நாள் ட்ராஷ்ல இருக்கும்னு ராத்திரி ஞாபகம் வந்தப்போ, கை பரபரத்துச்சு. திறந்து பார்த்தேன். ரெண்டு நிமிஷம் பார்த்தேன். அப்புறம் அங்கேயிருந்தும் தூக்கிட்டேன்.

காலையில் வெள்ளைச் சட்டை படத்தை அவருக்கு அனுப்பினேன். பத்தே நிமிஷத்துல அவரோட வாட்ஸ்அப் டி.பி. மாறியிருந்துச்சு!

அடுத்த தடவை யாரையாவது 'பாஸ்'னு கூப்பிட்டுட்டு கேமராவைத் தூக்குறீங்களா? ஒரு செகண்ட் நில்லுங்க. பாஸ்னா பர்மிஷன் கேட்கணும்ல?