மொழியால் கூடிய நாடுகளும் கைப்பந்தும்

லெம்பா பெர்த்தாம் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களைப் போன்ற மலைச்சரிவுகளில் சமநிலம் அரிது. காற்பந்துத் திடலுக்கு இடமில்லாத ஊரிலும் கைப்பந்துக்கு 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட களம் போதும். இங்குள்ள மாணவன் இவ்வாட்டத்தைத் தமிழில் கைப்பந்து என்றும் மலாயில் 'போலா தம்பார்' என்றும் வழங்குவான். இலங்கைத் தமிழரோ கரப்பந்தாட்டம் என்பர். தமிழர் பல நாடுகளிலிருந்து கூடி விளையாடும் விழாவொன்று அமையுமாயின், எப்பெயரை அழைப்பிதழில் அச்சிடுவது? இவ்வினாவோடு, அத்தகைய விழாவை நடத்திப் பார்த்த போர்த்துகீசிய மொழியுலகை நோக்குவோம்.

அம்மொழி வழங்கும் நாடுகளின் ஒலிம்பிக் மன்றங்கள் 2004இல் ஒரு சங்கமாக இணைந்தன. அச்சங்கத்தின் லுசொபோனியா விளையாட்டுப் போட்டி 2006இல் மக்காவிலும் 2009இல் லிஸ்பனிலும் 2014 சனவரியில் கோவாவிலும் நடைபெற்றது. மூன்றிலும் உள்ளரங்கக் கைப்பந்து, கடற்கரைக் கைப்பந்து ஆகிய இரண்டும் இடம்பெற்றன. முன்னதில் களத்தில் அறுவர் ஆடுவர். பின்னதில் இருவர் மட்டுமே. முழு அணியை அனுப்பப் பொருள்வளம் இல்லாத சிறு தீவு நாடும் இருவரை அனுப்ப இயலும். 1992, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆடவர் அணியை உடைய பிரேசிலும் இக்குடும்பத்தில் ஒன்று என்பதை எண்ணும்பொழுது, மொழியுறவு ஆற்றலைச் சமன் செய்வதில்லை என்பது புலனாகும்.

நமக்கு வியப்பளிப்பது இந்தியாவும் இலங்கையும் இதில் பங்கேற்றமையே. கோவா 1961 வரை போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்தது. இலங்கைக் கரையோரத்தில் அவர்தம் ஆதிக்கம் 1658இல் முடிவுற்றது. கைப்பந்து 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஆனால், 1511 முதல் 1641 வரை அவர்கள் ஆண்ட மலாக்காவில் போர்த்துகீசியக் கலப்புமொழியாகிய கிறிஸ்தாங் இன்றும் பேசப்படுகிறது. எனினும் மலேசியா இப்போட்டியில் கலந்துகொண்டதில்லை. எனவே பேச்சுமொழி ஒன்றே இங்கு அளவுகோலாக அமையவில்லை. மேசை, சாவி, சன்னல், அலமாரி எனப் போர்த்துகீசியச் சொற்களை நாள்தோறும் ஆளும் தமிழரும் ஒருவகையில் அவர்க்கு உறவினரே எனலாம்!

கோவாப் போட்டி 2013 நவம்பரில் நடைபெற வேண்டியது. அரங்கப் பணிகள் முடிவுறாமையால் தள்ளிவைக்கப்பட்டது. 2017இல் மொசாம்பிக்கில் நடத்தத் திட்டமிடப்பட்ட நான்காம் போட்டியோ நடைபெறவேயில்லை. விழா நின்றது, ஆட்டத்தின் பெயரில் மட்டும் அந்நாடுகளிடையே ஒற்றுமை நிற்கிறது. ஆங்கிலச் சொல்லையே தம் ஒலிக்கேற்ப 'வொலெய்பொல்' எனத் திரித்துக்கொண்டனர். பிரேசிலில் அதைச் சுருக்கி 'வொலேய்' என்பதும் உண்டு. அவர்கள் கடன் வாங்கி ஒன்றுபட்டனர். நாமோ சொல்லாக்கம் செய்து இரண்டுபட்டோம்.

கரம் வடசொல்; கை தமிழ்ச்சொல். அது கருதிக் கைப்பந்து என்பதையே நாம் ஏற்கிறோம். எனினும் அச்சொல்லைக் கேட்டுக் கையால் எறிந்து கோல் போடும் வேறோர் ஆட்டத்தை எண்ணுவாரும் உளர். அக்குழப்பம் கரப்பந்து என்பதாலும் தீராது. பொருளளவில் இரண்டும் ஒன்றே. பந்தை அறைதலைச் சுட்டும் மலாய்ப் பெயர் இவ்விடத்தில் நம்மினும் தெளிவுடையது.