கோணல் செங்கல் கிணறும் குவாட்டரும்!

கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்துக்கு முகூர்த்த நாளில் போய்ப் பாருங்கள். தேவநாத சுவாமி கோயிலிலும், எதிரே ஔஷதகிரி மலைப் பக்கத்திலும், சுற்றியுள்ள மண்டபங்களிலும் ஒரே காலைப்பொழுதில் நூற்றுக்கும் அதிகமான கல்யாணங்கள் நடக்கும். ஒரு மணமேடையில் மாலை மாற்றும்போது பக்கத்தில் கெட்டிமேளம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி சமையல்காரர், தனி போட்டோகிராபர், தனி வேன். ஆனால் வழியும் வாசலும் நல்ல நேரமும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அந்தக் கூட்டம் கலைந்த பிறகு, ஊர்க்காரர்களிடம் தேசிகர் கிணறு பற்றிக் கேட்டால் கதை சொல்வார்கள். வேதாந்த தேசிகர் பல ஆண்டுகள் வாழ்ந்த ஊர் இது. எல்லாக் கலையும் தெரிந்தவர் என்று அவருக்குப் பட்டம் இருந்ததைப் பொறுக்காத ஒரு கொத்தனார், "அப்படியானால் கிணறு கட்டிக் காட்டும்" என்றாராம். அவர் கொடுத்த செங்கற்களோ ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கோணல். தேசிகர் எதையும் உடைக்கவில்லை, மாற்றிக் கேட்கவும் இல்லை. எந்தக் கல் எங்கே பொருந்தும் என்று பார்த்துப் பார்த்து வட்டமான கிணற்றைக் கட்டி முடித்தார் என்பது கதை.

ஏறக்குறைய அதே சோதனையைத்தான் கடந்த இருபது ஆண்டுகளாக உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் பொறியாளர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த கோணல் செங்கற்கள், ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் சர்வர்கள்.

கிளஸ்டர் என்றால் என்ன, கிரிட் என்றால் என்ன?

ஒரு பெரிய கணக்கை ஒரு கம்ப்யூட்டரால் முடிக்க முடியாதபோது, பல கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு இணைத்து வேலையைப் பங்கு போடுவது கிளஸ்டர். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004-ல் அப்படி 144 சர்வர்களை இணைத்து 'காப்ரு' என்ற கிளஸ்டரை உருவாக்கியது. இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர் அது. உலகின் வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலிலும் அது இடம்பிடித்தது.

இப்படிப் பல ஊர்களில் இருக்கும் கிளஸ்டர்களை நெட்வொர்க் வழியாக இணைத்தால் அது கிரிட். மின்சார கிரிட்டிலிருந்து வந்த பெயர்தான். சுவிட்சைப் போடும்போது இந்தக் கரண்ட் நெய்வேலியிலிருந்து வருகிறதா, மேட்டூரிலிருந்து வருகிறதா என்று நாம் கேட்பதில்லை. கணக்குப் போடும் சக்தியும் அப்படிக் கிடைக்க வேண்டும் என்பது ஆசை.

இந்தியாவில் அந்த ஆசைக்கு சி-டாக் நிறுவனம் வைத்த பெயர் 'கருடா'. 17 நகரங்களில் உள்ள 45 கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்கும் திட்டமாக அது 2000-களின் நடுவில் தொடங்கியது. திருவந்திபுரத்துக்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் கெடிலம் நினைவுக்கு வரும். பெருமாளின் தாகம் தீர்க்கக் கருடன் கொண்டுவந்த தண்ணீர்தான் ஆறாக ஓடுகிறது என்பது தலபுராணம். அதனால் கெடிலத்துக்குக் 'கருட நதி' என்றும் பெயர்.

பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். ஆனால் பொருத்தம் அதோடு நிற்கவில்லை. கருடா கிரிட்டின் தொடக்கக் காலச் சோதனைகளில் ஒன்று வெள்ளம் பற்றியது. வெள்ளம் வரும் நாளில் வானம் முழுக்க மேகமாக இருக்கும், சாதாரண கேமராவுக்கு மேலிருந்து ஒன்றும் தெரியாது. ரேடார் அலை மேகத்தை ஊடுருவும். ஆனால் ரேடார் தரும் தகவலை மனிதர் பார்க்கும் படமாக மாற்ற ஏராளமான கணக்கு தேவை. எந்தத் தெரு மூழ்கியது என்ற படம் மூன்று நாள் கழித்து வந்தால் யாருக்குப் பயன்? அந்தக் கணக்கைப் பல ஊர் கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்துச் சீக்கிரம் முடிக்க முடியுமா என்று அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்துடன் சேர்ந்து முயன்றார்கள். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயலில் பலாவையும் முந்திரியையும் பறிகொடுத்து, 2015-ல் வெள்ளத்திலும் மிதந்த கடலூர் மாவட்டத்துக்கு இது வெறும் லேப் விஷயமாகத் தோன்றாது.

மெஷின் பிரச்னை இல்லை, மனிதர் பிரச்னை

சரி, இணைத்தாயிற்று. அப்புறம்தான் தலைவலி. ஒரு கிளஸ்டரில் சில நூறு சர்வர்கள். ஒவ்வொன்றிலும் லினக்ஸ் போட வேண்டும், பாதுகாப்பு அப்டேட் போட வேண்டும், யாருக்கு அனுமதி என்று எழுத வேண்டும். கையால் செய்தால் ஏதாவது ஒரு மெஷினில் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அந்த ஒன்றில் போய் விழும் வேலை நடுராத்திரியில் நின்றுபோகும். கிரிட்டில் இன்னும் மோசம். பக்கத்து ஊர் கிளஸ்டரை நடத்துபவர் வேறு நிறுவனம், வேறு முதலாளி. 'அப்டேட் போடுங்க' என்று சொல்லலாம், உத்தரவு போட முடியாது.

ஐரோப்பாவில் 2001 முதல் 2004 வரை நடந்த 'டேட்டாகிரிட்' திட்டத்தில் இதற்காகவே ஒரு மென்பொருள் பிறந்தது. பெயர் குவாட்டர். (சிரிக்க வேண்டாம், டாஸ்மாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) ஒவ்வொரு சர்வரும் எப்படி இருக்க வேண்டும் என்று 'பான்' என்ற தனி மொழியில் எழுதிவைக்க வேண்டும். கல்யாணச் சமையல்காரரிடம் "எப்படியாவது சமைங்க" என்று சொல்லாமல், இத்தனை இலை, இத்தனை கூட்டு, இன்ன பாயசம் என்று லிஸ்ட் கொடுப்பது போல. சர்வர் அந்த லிஸ்ட்டைப் படித்து, தன்னிடம் இல்லாததைத் தானே போட்டுக்கொள்ளும். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால், லிஸ்ட் சர்வருக்குப் போவதற்கு முன்பே தப்பு என்று சொல்லிவிடும். பொது லிஸ்ட்டை ஒருவர் எழுதினால் போதும். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு மட்டும் உரிய நாலு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் சோதனைக்காக உருவான உலக கிரிட்டில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலும் கொல்கத்தாவிலும் அதன் கணினி மையங்கள் இயங்குகின்றன. அதைவிடச் சுவாரஸ்யம், அந்த கிரிட்டை நிர்வகிக்கும் மென்பொருளிலேயே நம் கை இருப்பது. எந்த ஊர் மையம் வேலை செய்கிறது, எது படுத்துவிட்டது என்று காட்டும் 'கிரிட்வியூ', பிரச்னைகளைப் பதிவு செய்து பின்தொடரும் 'சிவா' ஆகியவற்றை எழுதியவர்கள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பொறியாளர்கள். குவாட்டர் மேம்பாட்டிலும் அவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகள் செய்தி வெளியானபோது, செர்ன் தலைமை இயக்குநர் நன்றி சொன்ன பட்டியலில் கிரிட்டும் இருந்தது.

தாய்வீடு கைவிட்டபோது...

குவாட்டர் குழுவினர் அவ்வப்போது ஏதாவது ஓர் உறுப்பு நிறுவனத்தில் கூடி வொர்க்ஷாப் நடத்துவது வழக்கம். அங்கே பெரிய அறிவியல் ஒன்றும் பேசுவதில்லை. இந்தப் பகுதியை இனி யார் பார்த்துக்கொள்வது? பழைய வெர்ஷனை எத்தனை நாள் தாங்குவது? ஒரு ஊருக்கு அவசரமாக வேண்டிய மாற்றம் இன்னொரு ஊரைக் கெடுக்காமல் இருப்பது எப்படி? எல்லோருக்கும் பகலில் தங்கள் கிளஸ்டரைப் பார்க்கும் வேலை இருக்கிறது. பொது மென்பொருளுக்கு மிச்ச நேரம்தான். சம்பளம் கொடுக்கும் முதலாளி பொதுவாக இல்லாத இடத்தில் திட்டமிடல் என்பது பாதி கெஞ்சல், பாதி பேரம்.

அந்தப் பேரத்துக்கு உண்மையான சோதனை 2010-களின் தொடக்கத்தில் வந்தது. குவாட்டர் வளர்ந்த தாய்வீடான செர்ன், பப்பெட் என்ற வேறு மென்பொருளுக்கு மாறியது. பெரிய வீட்டுக்காரர் வெளியேறினால் வாடகை வீட்டுக் கதைதான், மற்றவர்களும் மூட்டை கட்டியிருக்கலாம். கட்டவில்லை. பிரிட்டனின் ரூதர்ஃபோர்ட் ஆய்வகம், பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம், பாரிஸ் பகுதி ஆய்வகங்கள், இவற்றோடு மார்கன் ஸ்டான்லி என்ற நிதி நிறுவனமும் சேர்ந்து தொடர்ந்தன. கோடு முழுவதையும் கிட்ஹப்புக்கு மாற்றினார்கள். வெளியீட்டு எண்ணையே காலண்டராக்கினார்கள். 13.1 என்றால் 2013 ஜனவரி. எப்போது வரும் என்று தெரிந்தால்தானே மற்ற ஊர்க்காரர் தன் வேலையைத் திட்டமிட முடியும்?

இந்தியாவில் காற்று வேறு பக்கம் வீசியது. கிரிட் என்ற சொல்லையே க்ளவுட் விழுங்கிவிட்டது. 2015-ல் தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் இயக்கம் அறிவிக்கப்பட்டு, ஐ.ஐ.டி.களிலும் மற்ற நிறுவனங்களிலும் தனித்தனியாகப் பெரிய கிளஸ்டர்கள் வந்தன. மெஷின் வாங்கினால் ரிப்பன் வெட்டலாம், போட்டோ வரும். அந்த மெஷின்களைச் சேர்ந்து பராமரிக்கும் மென்பொருளுக்கு ரிப்பன் கிடையாது. கருடா போன்ற முயற்சிகளைப் பற்றி இன்று பொறியியல் மாணவர்களிடம் கேட்டால் பலருக்குப் பெயரே தெரியாது என்பது வருத்தம்தான்.

குவாட்டரின் கோடு இப்போதும் கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. கடலூரிலோ சிதம்பரத்திலோ இருக்கும் கல்லூரி மாணவர், லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் அதைத் திறந்து, யார் எந்த வரியை ஏன் மாற்றினார், அதற்கு யார் மறுப்புச் சொன்னார், கடைசியில் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று ஆண்டுவாரியாகப் படிக்கலாம். கோடு எழுதத் தெரியாவிட்டால், விளக்கக் குறிப்பில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்புவதில் தொடங்கலாம்.