75 வாட் எல்லைக்குள்

சென்னை ரிச்சி தெருக் கடைகளில் சனிக்கிழமை மாலை கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒரே கேள்வி பல குரல்களில் காதில் விழும்: "அண்ணே, இந்த சிபியுவுக்கு என்ன கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" கேட்பவர் கையில் கம்ப்யூட்டர் இருக்காது. போனில் ஒரு படம் இருக்கும். படத்தில் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனம் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், அல்லது எச்பி எலைட்டெஸ்க். தொழில் தெரிந்த கடைக்காரர், "எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்? பெரிய டவரா, சின்னப் பெட்டியா?" என்று திருப்பிக் கேட்பார். எடுத்த எடுப்பில் "பட்ஜெட் எவ்வளவு?" என்று கேட்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம்.

பழைய டெஸ்க்டாப்புக்கு எந்த கார்டு பொருந்தும் என்பதை வாங்குபவரின் பர்ஸ் தீர்மானிப்பதில்லை. அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கிறது. யூடியூபில் கார்டுகளை ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் புத்தம்புதிய போர்டு, புத்தம்புதிய பிராசசரில் வைத்து ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்த எண்களை அப்படியே நம்பி 2014-ஆம் ஆண்டு கம்ப்யூட்டருக்கு கார்டு வாங்கினால் காசு கரையும், வேகம் வராது.

இப்போது இந்தக் கேள்வி அதிகமாவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ, இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அதற்கு முந்தைய மெஷின்களை அலுவலகங்கள் வெளியே தள்ளுகின்றன. நான்காம் தலைமுறை கோர் ஐ5, 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி என்று இருந்தால் டாலி, எக்செல், பிரவுசர் எல்லாம் இன்றும் சுணங்காமல் ஓடும். அதில் உண்மையிலேயே நோஞ்சானாக இருப்பது கிராபிக்ஸ் மட்டும்தான். ஆகவே ஒரு கார்டு போட்டால் என்ன என்ற ஆசை நியாயமானதே.

ஆசைக்கு முதல் வேலி மின்சாரம். மதர்போர்டில் இருக்கும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட், தன்மீது செருகிய கார்டுக்கு விதிமுறைப்படி அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்குமேல் தேவைப்படும் கார்டுக்கு பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி கேபிள் வரவேண்டும். ஆறு பின் கேபிள் என்றால் இன்னொரு 75 வாட், எட்டு பின் என்றால் 150 வாட். கணக்குப் பிரிவில் வவுச்சர் போடுவதற்காகச் செய்யப்பட்ட மெஷினில் இந்த கேபிள்களுக்கு என்ன வேலை? பெரும்பாலும் இருக்கவே இருக்காது.

ஆப்டிபிளெக்ஸ் 9020 மினி டவரை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது 290 வாட் எஸ்எம்பிஎஸ். கோர் ஐ5-4590 பிராசசருக்கு 84 வாட், போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வாட் ஒதுக்குங்கள். ஸ்லாட்டின் 75 வாட்டையும் சேர்த்தால் 209. மூச்சுவிட இடம் இருக்கிறது. அதே பெட்டியில், செகண்ட் ஹேண்ட் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580-ஐப் போட்டால் கார்டுக்கு மட்டும் 185 வாட். கூட்டினால் 319. கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து ரீஸ்டார்ட் ஆகும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடலாமே என்று தோன்றும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் மாற்றலாம், சிக்கலே இல்லை. பிராண்டட் பெட்டியில் வேறு கதை. சந்தையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் போர்டுக்குப் போவது 24 பின் இணைப்பு. 9020 போன்ற டெல் போர்டுகள் கேட்பது எட்டு பின். அதே காலத்து எச்பி போர்டுகள் பலவற்றில் ஆறு பின். இடையில் போட அடாப்டர் கேபிள் விற்கிறார்கள்தான். ஆனால் எஸ்எஃப்எஃப் என்று சொல்லப்படும் ஒல்லியான பெட்டிகளில் வழக்கமான அளவு எஸ்எம்பிஎஸ் உள்ளேயே போகாது. புது எஸ்எம்பிஎஸ், அடாப்டர், கடைசியில் ஒரு புது கேபினட் என்று பட்டியல் நீண்டால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்குவதானாலும் அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் '450 வாட்'டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்தின்கீழ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கார்டும் பசியாறுவது அந்த 12 வோல்ட்டில்தான். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஆல் பெருக்கினால் 192 வாட், அவ்வளவுதான் அதன் உண்மையான தெம்பு. மலிவு விலை எஸ்எம்பிஎஸ் பலவற்றின் குட்டு இந்தப் பெருக்கல் கணக்கில் உடைந்துவிடும்.

இன்னொரு குறுக்குவழி, டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் கேபிளை ஆறு பின்னாக மாற்றித் தரும் சின்ன கேபிள். பார்க்க அப்பாவி. சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பின்கள் மூன்றும் சேர்ந்து தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஆறு பின் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். மிச்சத்தை பிளாஸ்டிக்தான் தாங்கவேண்டும், அது உருகித்தான் தாங்கும். கடைக்காரர் இலவசமாகவே கொடுத்தாலும் வேண்டாம்.

யூபிஎஸ்ஸையும் மறந்துவிடக் கூடாது. நம் வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் உண்மையில் தருவது 360 வாட் அளவு. அதில் மானிட்டரும் பங்குக்கு வரும். பேட்டரி பழசாகிவிட்டிருந்தால் கரண்ட் போகும் அதே நொடியில் கேமும் போய்விடும்.

சரி, அந்த 75 வாட்டுக்குள் என்ன கிடைக்கும்? பல ஆண்டுகள் இந்த எடைப் பிரிவின் நாயகனாக இருந்தது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016 அக்டோபரில் வந்தது, 4 ஜிபி மெமரி. செகண்ட் ஹேண்டில் இன்றும் கை மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. இனி 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அதைவிட வேகம். 75 வாட் கார்டுதான் என்றாலும் சில தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூடுதல் வேகத்துக்காக ஆறு பின் சாக்கெட்டைச் சேர்த்திருக்கிறார்கள். வாங்குமுன் கார்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

இப்போதைக்கு என் வாக்கு 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவத்துக்கு. 70 வாட், தனி கேபிள் வேண்டாம். ஒல்லிப் பெட்டிக்கான குட்டைக் கார்டாகவும் கிடைக்கிறது. ஒளி விழுவதைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங், குறைந்த ரெசல்யூஷன் படத்தைப் பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ் இரண்டும் உண்டு. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் வசதியுள்ள கார்டைக் கட்டாயமாக்கிவிட்டன. ஜிடிஎக்ஸ் கார்டுகளின் காலம் எப்படி முடிகிறது என்பது இதில் தெரிகிறது.

இந்த இடத்தில் ஒரு எரிச்சலைச் சொல்லியாக வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற அதே பெயரில் 2022-இல் வந்த 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அது 130 வாட் கேட்கும், கேபிள் வேண்டும். இன்னும் மோசம் ஜிடி 1030. 2017-இல் வந்தபோது அதன் மெமரி ஜிடிடிஆர்5, வினாடிக்கு 48 ஜிபி வேகம். அடுத்த ஆண்டே டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்றை அதே பெயரில் இறக்கினார்கள். வேகம் 16.8 ஜிபி. பெயர் ஒன்று, மெமரி வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வாங்குபவர் அட்டைப் பெட்டியின் பின்புறத்தைப் பொடி எழுத்து வரை படிக்க வேண்டியிருப்பது அவர் குற்றமல்ல.

53 வாட் மட்டுமே தின்னும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 காகிதத்தில் பழைய பெட்டிக்கென்றே செய்தது போலத் தெரியும். விஷயம் அதன் காலில் இருக்கிறது. ஸ்லாட்டில் பதினாறு தடங்கள் இருக்க, இந்தக் கார்டு பயன்படுத்துவது நான்கே தடங்களை. பிசிஐஇ 4.0 உள்ள புதிய போர்டில் அந்த நான்கிலும் வினாடிக்கு 8 ஜிபி அளவுக்குத் தரவு போகும். 3.0 போர்டில் அது 4 ஜிபி ஆகிறது. ஒரு காலத்தில் மலிவு விலை அசெம்பிள் கம்ப்யூட்டர்களில் சக்கைப்போடு போட்ட எச்81 சிப்செட் போர்டுகளில் ஸ்லாட் 2.0 மட்டுமே, ஆகவே 2 ஜிபி. கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பாதவரை பெரிய வித்தியாசம் தெரியாது. நிரம்பி வழிந்தால் போர்டிலுள்ள ரேமிலிருந்து தரவு வரவேண்டும், அப்போது படம் திக்கும். போதாக்குறைக்கு வீடியோவை என்கோட் செய்யும் வன்பொருளும் இதில் கிடையாது. கேம் ஆடுவதைப் பதிவுசெய்து சேனல் நடத்த நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. இன்டெல்லின் ஆர்க் கார்டுகளும் அப்படித்தான், ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இருந்தால்தான் அவை சரியாக ஓடும். பத்தாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் மெஷின்களில் அதைப் பொதுவாக எதிர்பார்க்க முடியாது.

இனி பிராசசர். திரையில் வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி வினாடி. கார்டு வரையத் தொடங்குமுன், எந்த எதிரி எங்கே நிற்கிறான், எந்தச் சுவர் இடிந்தது என்று கணக்குப் போட்டு, எதை வரைய வேண்டும் என்ற உத்தரவை பிராசசர் தரவேண்டும். பழைய நான்கு கோர் பிராசசர் அதற்கு 20 மில்லி வினாடி எடுத்தால் கிடைப்பது 50 ஃபிரேம். கார்டு லட்ச ரூபாய்க்கு வாங்கியதானாலும் 50தான், மிச்ச நேரம் அது சும்மா நிற்கும். இதைத்தான் 'பாட்டில்நெக்' என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒரு எளிய சோதனை உண்டு. கேமில் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் கார்டுதான் திணறுகிறது, மாற்றினால் பலன் உண்டு. ஏறவே இல்லையென்றால் திணறுவது பிராசசர், கார்டுக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

வேலரன்ட் ஆடுவதற்காகக் கார்டு தேடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விண்டோஸ் 11-இல் அந்த கேம் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றிய பழைய மெஷினில் எந்தக் கார்டு போட்டாலும் அது திறக்காது.

வீட்டிலிருக்கும் மானிட்டரும் பழசு என்றால் பின்னால் நீலநிற விஜிஏ இணைப்பு மட்டும் இருக்கக்கூடும். 1050 டிஐ காலத்திலேயே என்விடியா அந்த அனலாக் சிக்னலைக் கைவிட்டுவிட்டது. டிவிஐ துளை இருந்தாலும் வெறும் பின் மாற்றும் அடாப்டர் போட்டுப் பயனில்லை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். சில நூறு ரூபாய் வேலைதான், ஆனால் கார்டோடு சேர்த்து வாங்காவிட்டால் அன்றிரவு கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பயாஸ் விஷயமும் அப்படியே. 2012-க்கு முந்தைய போர்டு சிலவற்றில் புதிய கார்டு போட்டால் திரையே வராது. அதே மாடல் போர்டில் யாராவது அந்தக் கார்டை ஓட்டியிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வாங்குவது உத்தமம்.

செகண்ட் ஹேண்ட் கார்டுகளைப் பற்றிப் பயமுறுத்தல்கள் அதிகம். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டதும் ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒரு கார்டு கெட்டதாகிவிடாது. ஃபேன் தேய்ந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றலாம். உண்மையான ஆபத்து போலிகள். ஜிடிஎஸ் 450 போன்ற அரதப்பழசான சிப்பின் பயாஸைத் திருத்தி, 1050 டிஐ என்று பெயர் காட்டும்படி செய்து விற்பார்கள். விண்டோஸும் அதை நம்பிவிடும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் ஏமாறாது. 2018 முதல் இத்தகைய கார்டுகளின் பெயருக்கு முன்னால் போலி என்று அதுவே குறித்துக் காட்டுகிறது. கடையிலேயே அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கார்டுக்கு முழுச் சுமை தரும் ஃபர்மார்க் மென்பொருளையும் பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடு எங்கே போய் நிற்கிறது, திரையில் புள்ளி கோடு தெரிகிறதா என்று பாருங்கள். இதற்கு முகம் சுளிக்கும் கடையின் டெஸ்டிங் வாரண்டியை நம்ப வேண்டியதில்லை.

கேமே ஆடாதவர்களும் கார்டு கேட்கிறார்கள். யூடியூபில் 4கே வீடியோ திக்குகிறது என்பது பொதுவான புகார். யூடியூப் பயன்படுத்தும் விபி9, ஏவி1 என்ற வடிவங்களைப் பிரிக்கும் வன்பொருள் நான்காம் தலைமுறை இன்டெல்லின் உள்கிராபிக்ஸில் முழுமையாக இல்லை. எல்லாச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது. ஆர்டிஎக்ஸ் 3050 இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இரண்டு நிமிடம் எடுக்கிறது, போட்டோஷாப் திறக்க டீ குடித்துவிட்டு வரலாம் என்பவர்கள் கார்டு பக்கமே வரவேண்டாம். அவர்கள் மெஷினில் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் ஓடிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டி ஒன்று போட்டால் பாதிப் புகார் தீரும்.

மாட்டுவது பெரிய வித்தையில்லை. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, ஸ்லாட்டின் தூசியை ஊதிவிட்டு, 'கிளிக்' என்று பூட்டு விழும்வரை நேராக அழுத்தினால் போதும். பழைய கார்டு இருந்திருந்தால் அதன் டிரைவரை டிடியூ என்ற மென்பொருளைக் கொண்டு துடைத்துவிடலாம். பிறகு மானிட்டர் கேபிளைக் கழற்றிப் புதுக் கார்டில் செருக வேண்டும். பழக்கதோஷத்தில் அதைப் போர்டின் பழைய துளையிலேயே செருகிவிட்டு, "டிஸ்பிளேயே வரலை, கார்டு டெட்" என்று மறுநாள் காலையிலேயே கடைக்கு வருகிறவர்கள் ஏராளம் என்கிறார்கள் மெக்கானிக்குகள்.