புற்றுநோய் வலி: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வழியில் உருவாகிறதா?

நார்த்தாமலை, கீரனூர் பகுதிகளிலிருந்து வரும் புற்றுநோயாளர்களிடம் வலியைப் பற்றி நாங்கள் கேட்கும்போது, பெண்கள் பலர் "பொறுத்துக்கொள்கிறேன்" என்கின்றனர். ஆண்கள் பலர் "ஒன்றுமில்லை" என்கின்றனர். இரு பாலாரும் வலியை மறைக்கின்றனர். ஆனால் உடலுக்குள் வலி உருவாகும் விதம் இருவருக்கும் முற்றிலும் ஒன்றாக இல்லை என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன.

வலி எவ்வாறு பெருகுகிறது?

கட்டி வளர்ந்து நரம்பையோ எலும்பையோ அழுத்தும்போது வலி தோன்றுகிறது. சில கீமோதெரபி மருந்துகளும் நரம்புகளைப் பாதிக்கின்றன. பாதிக்கப்பட்ட இடத்தில் நோய் எதிர்ப்புச் செல்கள் கூடி, சைட்டோகைன் என்னும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை நரம்பின் உணர்திறனைக் கூட்டுவதால், ஆடை உரசினாலும் எரிச்சல் உண்டாகலாம்.

வேறுபாடு எங்கே?

நெடுங்காலம் வலி ஆய்வுகள் பெரும்பாலும் ஆண் எலிகளிலேயே நடைபெற்றன. 2015ஆம் ஆண்டு கனடா ஆய்வாளர்கள், நரம்புக் காயமுற்ற எலிகளில் இரு பாலையும் ஒப்பிட்டனர். தண்டுவடத்திலுள்ள மைக்ரோகிளியா என்னும் எதிர்ப்புச் செல்களைத் தடுத்தபோது ஆண் எலிகளின் வலி குறைந்தது. பெண் எலிகளின் வலி குறையவில்லை. பெண் எலிகளில் டி-செல்கள் அப்பணியைச் செய்வதாகத் தெரிந்தது.

2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில ஆய்வாளர்கள், முதுகெலும்புக் கட்டிக்கான அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட மனித நரம்பு முடிச்சுகளை ஆராய்ந்தனர். அங்கும் வலியுடன் தொடர்புடைய மரபணுச் செயல்பாடு ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறுபட்டது. ஆண்களிடம் மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல்களின் பங்கு தெளிவாகக் காணப்பட்டது.

இன்றைய சிகிச்சையில் இதன் பொருள் என்ன?

ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று எனத் தனி வலி மருந்து இன்னும் வரவில்லை. பாராசிட்டமால் முதல் மார்பின் வரை இரு பாலார்க்கும் அதே மருந்துகளே. ஆயினும் ஒருவருக்குப் போதுமான மருந்தும் அளவும் மற்றவருக்குப் போதாமல் இருக்கலாம். அதை அறிய நோயாளியின் சொல்லே எங்களுக்கு முதன்மையான வழிகாட்டி. எனவே பின்வருவனவற்றைத் தயங்காமல் கூறுங்கள்:

• வலி எங்கே உள்ளது. குத்தலா, எரிச்சலா, மரத்துப்போதலா.
• வலியே இல்லையெனில் 0, தாங்கவே இயலாதெனில் 10 எனக் கொண்டால், இன்று எத்தனை.
• இரவில் உறக்கம் கெடுகிறதா. மருந்தின் பயன் எத்தனை மணி நேரம் நீடிக்கிறது.

மார்பின் இறுதிக்கால மருந்து அன்று. கடும் வலி எந்நிலையில் வந்தாலும் தரப்படுவது. மருத்துவர் கூறிய நேரத்தில், கூறிய அளவில் உட்கொண்டால் அதற்கு அடிமையாகும் வாய்ப்பு குறைவு. மலச்சிக்கல் வரக்கூடும் என்பதால் அதற்குரிய மருந்தையும் உடன் தருகிறோம். நீங்களாகவே அளவைக் கூட்டவோ, திடீரென நிறுத்தவோ வேண்டா.

மருத்துவமனைக்கு வர இயலாதோர்க்கு, 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வலி தணிப்புப் பராமரிப்பு வீட்டிலேயே கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

குடும்பத்தினர்க்கு ஒரு வேண்டுகோள்: நோயாளி வாய் திறந்து கூறாவிடினும், முகச்சுளிப்பையும் உண்ணாமையையும் உறங்காமையையும் கவனித்து எங்களிடம் தெரிவியுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதால் நோய் குணமாவதில்லை. வலி தணிந்தால் உணவும் உறக்கமும் சீராகி, சிகிச்சையைத் தாங்கும் வலிமை கூடும்.