நெய்வேலிச் சாம்பலும் ஒளிரும் ஓபலும்: அருமண் ஏற்றிய செயற்கை ஓபல் உருவாக்கத்தின் இடர்கள்

நெய்வேலி அனல்மின் நிலையங்களில் 1962 முதல் பழுப்பு நிலக்கரி எரிக்கப்பட்டு வருகிறது. எஞ்சும் சாம்பலில் உள்ள சிலிக்காவே ஓபல் கல்லின் மூலப்பொருளும் ஆகும். அச்சாம்பலிலிருந்து அருமண் தனிமம் ஏற்றிய செயற்கை ஓபலை உருவாக்குவதில் எங்கு இடர் எழும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓபலின் நிறஜாலத்தை சி. வி. இராமனும் ஏ. ஜெயராமனும் 1953-இல் ஆராய்ந்து, கல்லின் உள்ளடுக்குகளே அதற்குக் காரணம் என்றனர். 1964-இல் சாண்டர்ஸ் மின்னணு நுண்ணோக்கியில் கண்டவை ஒத்த அளவுடைய சிலிக்காக் கோளங்களின் அடுக்குகள். நெருங்கிய அடுக்கில் கோளங்கள் 74 விழுக்காட்டு இடத்தை நிரப்புகின்றன. சராசரி ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.35. எனவே அடுக்குக்குச் செங்குத்தான திசையில் தடைப்படும் அலைநீளம் கோள விட்டத்தைப் போல் சுமார் 2.2 மடங்கு. யூரோப்பியம் அயனி 612 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிர்வது; விட்டம் 278 நானோமீட்டராயின் அத்திசையில் அவ்வொளி மங்கும்.

சீரான கோளங்களுக்கு ஸ்டோபர் குழுவினரின் 1968-ஆம் ஆண்டு முறையே இன்றும் வழக்கில் உள்ளது. சாம்பல் வழி அதனினும் நீண்டது. நெய்வேலிச் சாம்பலில் கால்சியம் மிகுதி. முதலில் அமிலத்தால் கழுவாவிடில் அது சிலிக்காவைப் பிணைத்துக்கொள்ளும். கழுவிய சாம்பலைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடில் இட்டுச் சிலிக்காவைக் கரைத்து, அயனிப் பரிமாற்றத்தால் சோடியத்தை நீக்கினால் சிலிசிக் அமிலம் கிடைக்கும். இயற்கை ஓபல் பிறப்பதும் அதிலிருந்தே.

கோளங்கள் படிந்து உலர்ந்தபின் யூரோப்பியம் நைட்ரேட் கரைசலை இடைவெளிகளில் ஊறவிட்டுச் சூடேற்றுவது எளிய வழி. ஆயினும் சிலிக்காவில் எஞ்சும் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒளிர்வை அணைக்கும். அவற்றை நீக்க உயர்வெப்பம் தேவை; அவ்வெப்பத்தில் கோளங்கள் சுருங்கி, தடைப்பட்டை நீலப்புறம் நகரும். ஆகவே தொடக்க விட்டத்தைச் சற்றுப் பெரிதாகக் கொள்ளவேண்டும். அருமண் அயனிகள் சிலிக்காவில் திரண்டு ஒன்றையொன்று அணைப்பதும் உண்டு. அலுமினியம் அத்திரளலைக் குறைக்கும். சாம்பலிலேயே அலுமினியம் இருப்பது ஆறுதல் போலத் தோன்றலாம். அளவு தெரியாத அலுமினியத்தால் பயனில்லை.

பெரிய இடர் இரும்பு. கழுவலுக்குத் தப்பிய சிறிதளவு இரும்பும் யூரோப்பியத்தின் ஒளிர்வு ஆயுளைக் குறைக்கும். ஓபல் அடுக்கமைப்பும் அந்த ஆயுளை மாற்றக்கூடியது என்பதால் இரண்டையும் ஒன்றாக மயங்க இடமுண்டு. அதே ஓபலை நன்கு பொடித்து அடுக்கைக் குலைத்தபின் மீண்டும் அளந்தால், அப்போதும் குறுகியே நிற்கும் ஆயுளுக்கு அடுக்கமைப்பைக் காரணமாகக் காட்ட இயலாது.